எரியாத படிகள்

1981ஆம் ஆண்டு யூன் மாதம் பிறந்த வேளையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சாம்பராயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச்சுவடிகளும் அவற்றுள் இருந்தன. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. வேறெங்கும் படியில்லாத ஏடு எவ்வாறு எழும்?

நேயர்களே, 2005இல் ‘நூலகம்’ என்னும் பெயரிலேயே தொடங்கிய இணைய நூலகம் இவ்வச்சத்தைப் பெரிதும் தணித்துள்ளது. ஈழத்து நூல்களும் பழைய இதழ்களும் சிறு பிரசுரங்களும் தாள் தாளாகப் படம் பிடிக்கப்பெற்று, கட்டணமின்றி எவரும் படிக்க வைக்கப்பட்டுள்ளன. தொரன்ரோவில் இருப்பவர் நள்ளிரவிலும் அவற்றைப் புரட்டலாம். ஓரிடத்தில் தீ மூண்டாலும் படி பிறிதோரிடத்தில் இருக்கும்.

வாசிப்பும் மாறிற்று. முன்னர் ஒரு குறிப்பைத் தேடிய மாணவன் வழியில் நாற்பது பக்கமாவது படித்தான். இன்றோ தேடுபொறி அவனை நேரே அவ்வரியிற் கொண்டு நிறுத்துகின்றது. காலம் மிச்சந்தான், நாற்பது பக்கம் நட்டம்.

எனினும் இணையம் நூலை ஈன்று தருவதில்லை. படம் பிடிக்க முதற்கண் தாள் வேண்டும். அது பொது நூலகத்தில் இல்லையேல், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் அலுமாரியிலே கிடக்கலாம். கறையான் முந்திக்கொண்டால் கருவியால் ஆவது யாது? அவர் மறைந்தபின், பிள்ளைகள் கடலை சுற்றுவதற்கென நிறுத்து விற்கும் தாள்களுள் எஞ்சிய ஒரே படியும் இருத்தல் கூடும்.