வாடகைச் சொத்தும் அறங்காவலே

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் பக்தியைப் பற்றிப் பேசுவதே மரபு. ஆயினும், நகராண்மைக் கழகத்தின் மதிப்பீட்டுப் பிரிவில் பணியாற்றுபவன் என்பதால், வாடகைச் சொத்துகளை நிர்வகிக்கும் முறை குறித்துப் பேசுமாறு செயலவையினர் என்னைப் பணித்தனர். ஆலயத்தில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். பேசத்தக்க பொருளே என்பது என் கருத்து. ஒரு வாடகை வீட்டில் இரண்டு குடும்பங்களின் வாழ்வு அடங்கியிருக்கிறது. ஒன்றுக்கு அது ஓய்வுக்கால வருமானம்; மற்றொன்றுக்கு அதுவே குடியிருப்பு. ஆலயத்திற்கு உரிய கடைவீடாயின், அதன் வருமானம் இறைவனுக்கு உரியது.

நமக்குப் புதிய பொறுப்பு

நம் பாட்டன்மார் தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்தனர். வேலையோடு வீடு வந்தது; வேலை போனால் வீடும் போனது. வாடகை ஒப்பந்தம், பிணைத்தொகை, ரசீது ஆகியவற்றிற்கு அங்கே இடமிருக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது நாம் நகரங்களுக்கு வந்தோம். கடன் பட்டு, ஊழியர் சேமநிதியை எடுத்து, வீடுகளை வாங்கினோம். இன்று நம்மில் பலர் ஒரு வீட்டில் குடியிருந்து, மற்றொன்றை வாடகைக்கு விட்டிருக்கின்றனர். சொத்து நம் கைக்கு வந்துவிட்டது. அதை நிர்வகிக்கும் பழக்கம் இன்னும் முழுமையாக வரவில்லை.

"நம்ம ஆள்தானே" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பது நம் முன்னோர் பழமொழி. எழுதிவைப்பது நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த கொடைகளையும் அவற்றின் அளவையும் கல்லிலேயே வெட்டிவைத்த மரபு நம்முடையது.

ஒப்பந்தமே முதற்பாதுகாப்பு

அன்பர்களே, குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் வேண்டுமென நம் நாட்டில் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அத்தகைய சட்டத்தின் துணையில்லாத நிலையில், இரு தரப்பினருக்கும் துணை நிற்பது எழுத்து வடிவிலான ஒப்பந்தமே. அது கையொப்பமான 30 நாள்களுக்குள் முத்திரை வரி செலுத்தப்பட வேண்டும். முத்திரையிடப்படாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

இரண்டு மாத வாடகையைப் பிணைத்தொகையாகவும், அரை மாத வாடகையை மின்சாரம், தண்ணீருக்கான பிணையாகவும், ஒரு மாத வாடகையை முன்பணமாகவும் பெறுவது நம் நாட்டு வழக்கம். ஆயிரம் ரிங்கிட் வாடகை என்றால் 3,500 ரிங்கிட் கைமாறுகிறது. இதில் 2,500 ரிங்கிட் குடியிருப்பவரின் பணம். நம்மிடம் அடைக்கலமாக இருப்பது. அதைச் செலவு செய்துவிட்டு, அவர் வீட்டைக் காலி செய்யும் நாளில் சுவரில் ஆணித்துளையைத் தேடுவது முறையன்று. நாளடைவில் சாயம் மங்குவது இயல்பு. கைகழுவும் தொட்டி உடைவது சேதம். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழிதான் உண்டு. சாவியைக் கொடுக்கும் நாளிலேயே மின்விசிறி, விளக்கு, குழாய், பூட்டு, மின்மானி அளவு ஆகிய அனைத்தையும் பட்டியலிட்டுப் படமெடுத்து, இருவரும் கையொப்பமிட வேண்டும். கூரை ஒழுகினால் யார் பொறுப்பு, சாக்கடை அடைத்தால் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.

வீட்டை வாடகைக்கு விட்டதால் உரிமையாளரின் கடமைகள் தீர்ந்துவிடுவதில்லை. நிலவரியும் மதிப்பீட்டு வரியும் அவர் பெயரிலேயே வருகின்றன. என் அலுவலகத்தில் அடிக்கடி காண்பது இது: வரிச் சீட்டு வாடகை வீட்டு முகவரிக்கே போய்ச் சேர்கிறது, குடியிருப்பவர் அதை ஒதுக்கிவைத்து விடுகிறார், உரிமையாளருக்குத் தெரியவரும்போது நிலுவை அறிவிப்பே வந்துவிடுகிறது. கடிதங்கள் வந்து சேரும் முகவரியை மாற்றிக்கொண்டால் இத்தொல்லை நீங்கும். அடுக்குமாடி வீடாயின், 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி பராமரிப்புக் கட்டணமும், அதில் பத்து விழுக்காடான சேமிப்பு நிதியும் உரிமையாளரின் பொறுப்பு. வாடகை வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்டி, அதற்கான ரசீதுகளை ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

வாடகை நின்றுபோனால்

இங்கேதான் பலர் சினத்திற்கு ஆளாகின்றனர். பூட்டை மாற்றுகின்றனர், மின்சாரத்தைத் துண்டிக்கின்றனர், பொருள்களை வெளியே வைக்கின்றனர். 1950ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் வெளியேறாத குடியிருப்பாளரிடமிருந்து வீட்டை நீதிமன்றத்தின் வழியாகவே மீட்க முடியும். பூட்டை மாற்றியவர், வாடகை பெறவேண்டிய நிலையிலிருந்து வழக்கிற்குப் பதில் சொல்லவேண்டிய நிலைக்கு இறங்கிவிடுகிறார்.

சட்டம் உரிமையாளரையும் கைவிடவில்லை. 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டப்படி நீதிமன்ற ஆணை பெற்று, குடியிருப்பவரின் பொருள்களைக் கைப்பற்றி ஏலமிட்டு நிலுவையை வசூலிக்கலாம். ஆனால் விண்ணப்பத்திற்கு முந்திய 12 மாத வாடகைக்கு மட்டுமே இவ்வழி பயன்படும். காலக்கெடு முடிந்தும் வீட்டைவிட்டு நகராதவரிடம் இருமடங்கு வாடகை கோரவும் 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, தாட்சண்யத்தால் இரண்டு ஆண்டுகள் வாளாவிருந்துவிட்டுப் பின்னர் பூட்டை உடைப்பதைவிட, இரண்டாம் மாதமே பணிவோடு ஒரு கடிதம் எழுதுவது மேல்.

மேலாளருக்குரிய தகுதி

சொந்த வீட்டைத் தாமே வாடகைக்கு விடுவோருக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. ஆனால் பிறர் சொத்தைக் கட்டணம் பெற்று நிர்வகிப்பது ஒரு தொழில். அதற்குத் தகுதி வேண்டும். 1981ஆம் ஆண்டின் 242ஆம் சட்டம் மதிப்பீட்டாளர்களையும் சொத்து முகவர்களையும் முறைப்படுத்தியது. பின்னர் திருத்தப்பட்டு, 2018ஆம் ஆண்டு முதல் சொத்து மேலாளர்களையும் பெயர் குறித்தே தன்னுள் அடக்கியது. ஏற்கப்பட்ட கல்வித் தகுதி, பயிற்சிக் காலம், தொழில்திறன் தேர்வு ஆகியவற்றைக் கடந்தவர்களையே வாரியம் பதிவு செய்கிறது. வாடிக்கையாளரின் பணத்தைத் தம் பணத்தோடு கலவாமல் தனிக்கணக்கில் வைப்பது அவர்களின் கடமை.

வீடு காட்ட வருகின்ற முகவரின் உதவியாளரும் பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தைச் சார்ந்திருக்க வேண்டும். படமும் பதிவெண்ணும் உள்ள அட்டையை அணிந்திருக்க வேண்டும். பதிவின்றி முகவர் தொழில் செய்வோருக்கு மூன்று லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நெடுநாள் பழகியவர் என்பதற்காக, அட்டையைக் கேட்கக் கூச்சப்படலாகாது. பிணைத்தொகையோடு ஒருவர் மறைந்த பிறகு கூச்சப்பட்டுப் பயனில்லை.

ஆலயச் சொத்து

மெய்யன்பர்களே, நம் நாட்டில் பல ஆலயங்களுக்குக் கடைவீடுகளும் நிலங்களும் உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் உபயமாகக் கொடுத்தவை அவை. விளக்கெண்ணெய்க்கும், அர்ச்சகரின் ஊதியத்திற்கும், பிள்ளைகளின் சமய வகுப்புக்கும் அவ்வாடகையே ஆதாரம். ஆனால் செயலவையினரின் உறவினர் என்றும், ஆலயத்திற்கு உழைத்தவர் என்றும் கருதி, இருபது ஆண்டுகளுக்கு முந்திய வாடகையே தொடரும் இடங்களும் உண்டு. அவ்வாறு விட்டுக்கொடுக்கப்படும் தொகை செயலவையினரின் பணமன்று.

ஆலயச் சொத்தின் வாடகையை ஒரு மதிப்பீட்டாளரின் கருத்தைப் பெற்று நிர்ணயிக்க வேண்டும். செயலவை உறுப்பினர் ஒருவரின் உறவினர் குடிவர விரும்பினால், அவ்வுறுப்பினர் அம்முடிவில் பங்கேற்றலாகாது. வாடகை ரொக்கமாகக் கைக்கு வராமல் நேரே வங்கிக்குச் செல்ல வேண்டும். மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகை, 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நில அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாடகைக் கணக்கு தனியே படிக்கப்பட வேண்டும். சங்கப் பதிவிலாகாவுக்கு நாம் அனுப்பும் ஆண்டறிக்கை வெறும் சடங்கு அன்று. உறுப்பினர்கள் கேள்வி கேட்பது பகைமையும் அன்று. அதுவும் ஆலயத் தொண்டே.

நாமே உரிமையாளராகும்போது

இறுதியாக, நம் மனத்தை உறுத்தும் ஒரு செய்தி. நம் பிள்ளைகள் கல்லூரிக்கும் வேலைக்கும் வேற்றூர் சென்று வீடு தேடும்போது, "இந்தியர்களுக்கு இல்லை" என்ற பதிலைக் கேட்டுத் திரும்புகின்றனர். படித்திருந்தும், வேலையிருந்தும், பணமிருந்தும் கதவு திறப்பதில்லை. அவர்களின் வேதனை இங்குள்ள பெற்றோர் பலருக்குத் தெரியும்.

அவ்வாறாயின், நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறவரை நாம் எப்படி எடைபோடுகிறோம்? சம்பளச் சீட்டைக் கேட்கலாம். முதலாளியின் கடிதத்தைக் கேட்கலாம். முந்திய வீட்டு உரிமையாளரிடம் விசாரிக்கலாம். அந்நியத் தொழிலாளராயின் பயண ஆவணத்தையும் பெர்மிட்டையும் சரிபார்ப்பது கட்டாயம். ஆவணமற்றவரைத் தங்கவைப்பது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். இவற்றைப் பார்த்தே முடிவு செய்வோம். இனத்தையும் சாதியையும் நிறத்தையும் பார்த்து அன்று. நமக்கு இழைக்கப்படும்போது அநீதி என்று சொல்வதை, நாம் செய்யும்போது முன்னெச்சரிக்கை என்று பெயர் மாற்றி அழைக்கலாகாது.

அறங்காவலர் என்ற சொல்லை ஆலயத்தில் நாம் அன்றாடம் கேட்கிறோம். பிறருக்கு உரியதைத் தம் கையில் வைத்துக் காப்பவர் அவர். பிணைத்தொகையைக் காப்பவரும், ஆலயத்தின் கடைவீட்டைக் காப்பவரும், வாடகைக்கு எடுத்த வீட்டைத் தம் வீடுபோல் பேணுபவரும் அறங்காவலர்களே. எழுதுவதை எழுதி, கொடுப்பதைக் கொடுத்து, கேட்பதைக் காலத்தே கேட்டு, இன்சொல்லோடு நடந்தால் எந்த வீட்டிலும் சண்டைக்கு இடமிராது.