பசையென்று எண்ணிய கலங்கள்

1856ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடோல்ப் விர்ச்சோ, மூளையின் நரம்புக் கலங்களுக்கிடையே நிறைந்து கிடந்த பொருளுக்கு 'நரம்புப் பசை' எனப் பொருள்படும் பெயரை இட்டார். செங்கற்களுக்கிடையே சாந்து எவ்வாறோ, அவ்வாறே நரம்புக் கலங்களைத் தாங்கி நிற்பதொன்றே அதன் தொழில் என நெடுங்காலம் கருதப்பட்டது. பெயர் நிலைத்தது, கருத்து நிலைக்கவில்லை. அக்கருத்தை மாற்றியவற்றுள் வலிப்பு நோய் பற்றிய ஆராய்ச்சியும் ஒன்று.

நரம்புக் கலங்கள் மின்துடிப்புகளாற் செய்தி பரிமாறுகின்றன. எண்ணற்ற கலங்கள் ஒருமித்துக் கட்டின்றித் துடிக்கும்போது வலிப்பு உண்டாகிறது. ஒவ்வொரு துடிப்பின்போதும் கலத்திலிருந்து பொற்றாசியம் வெளியேறுகிறது. அயற்கலங்களைத் தூண்டும் குளூட்டமேற்றும் சுரக்கிறது. இவை தேங்கி நின்றால் தூண்டுதல் எல்லை கடந்துவிடும். அவ்வாறு தேங்காமல் அவற்றை உடனுக்குடன் உள்வாங்குபவை, விண்மீன்போற் கிளைவிட்டிருத்தலால் உடுக்கலங்கள் எனப்படும் துணைக்கலங்களே.

நெற்றிப்பொட்டின் உட்புறத்தே ஆழத்தில், கடற்குதிரைபோல் வளைந்த மூளைப்பகுதி ஒன்றுண்டு. வலிப்பு நோயாளர் பலரில் அப்பகுதி சிதைந்திருப்பதை 1880இல் வில்ஹெல்ம் சோமர் விரிவாக எடுத்துக்காட்டினார். அங்கு நரம்புக் கலங்கள் அழிய, துணைக்கலங்கள் பருத்துத் தழும்பாய்ப் படர்ந்திருக்கும். அத்தகைய தழும்பே நோயின் வேர் என 1889இல் பிரெஞ்சு மருத்துவர் பிலிப் ஷாஸ்லன் கருதினார். அது வலிப்பினால் விளைந்த வடு மட்டுமே என்போரும் இருந்தனர்.

சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட மூளைத்துண்டுகளை ஆராய்ந்தபோது, இருசாராரும் பாதி உண்மையே கண்டனர் என்பது புலனாயிற்று. தழும்பிலுள்ள உடுக்கலங்களில் பொற்றாசியம் புகும் வாயில்கள் குறைந்திருந்தன. குளூட்டமேற்றை மாற்றியமைக்கும் நொதியமும் குறைந்திருந்தது. மூளையின் காவலாளிகளான நுண்துணைக்கலங்களோ கிளர்ந்தெழுந்து, அழற்சியை வளர்க்கும் பொருள்களைச் சுரந்தன. ஆகவே, வலிப்பு தழும்பை வளர்க்கிறது. தழும்பு அடுத்த வலிப்புக்கு வழி திறக்கிறது.

உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு. அவர்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர்க்கு மருந்தினால் வலிப்பு முற்றாக அடங்குவதில்லை. இன்றைய மருந்துகளிற் பெரும்பாலானவை நரம்புக் கலங்களையே நோக்கியவை. துணைக்கலங்களைச் சீர்செய்யும் வழி ஆய்வுகூடங்களில் தேடப்படுகிறது. அவர்களது நம்பிக்கை அத்தேடலிலும் தங்கியுள்ளது.

வலிப்புற்றவர் கையில் இரும்பைத் திணிப்போரும், அவரது வீட்டிற் பெண் கொள்ள அஞ்சுவோரும் இன்றும் உளர். பொற்றாசியம் தேங்குவதை இரும்பு தடுக்காது. அவரை ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் எதனையும் இடாது, வலிப்பு ஓயும்வரை அருகிருத்தலே உதவி. ஐந்து நிமிடத்துக்கு மேல் அது நீடிப்பின் தாமதியாது மருத்துவ உதவியை நாடவேண்டும். கலங்களில் நேர்ந்த மாற்றத்துக்கு நோயாளர்மீது பழி சுமத்துதல் எவ்வாற்றானும் தகாது.