சட்டம் விட்டாலும் வேலை விடுமா?



"கஞ்சாவைப் பத்தி கல்லூரி மேடையில என்ன பேச்சு?" என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. இங்கிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால்தான் பேசுகிறேன்.

கொலராடோ மாநில மக்கள் 2012-இல் வாக்களித்துக் கஞ்சாவை அனுமதித்தார்கள். 2014 ஜனவரி 1 முதல் கடையிலேயே விற்பனை. "அப்ப வேலைக்கு ஆபத்தில்லை"ன்னு நாம நினைப்போம். நடந்தது வேறு. அதே மாநிலத்தில் கை கால் முடங்கிய ஓர் ஊழியர், தசை இழுப்புக்கு மருந்தாக, மாநில அனுமதியோடு, வேலை நேரம் போக வீட்டில் கஞ்சா எடுத்துக்கொண்டார். 2010-இல் கம்பெனி நடத்திய சோதனையில் தெரிந்து வேலை போயிற்று. அவர் வழக்குப் போட்டார். 2015-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது: மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டம் தடுக்கிறது; ஆகவே நீக்கியது செல்லும்.

கோளாறு சோதனையிலும் இருக்கிறது. குடித்தவரை ஊதச் சொன்னால் இப்போதைய போதை தெரியும். கஞ்சாவின் போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அதன் கழிவோ, தினமும் எடுப்பவரின் சிறுநீரில் வாரக்கணக்கில்கூடத் தங்கும். போன வாரம் செய்ததைக் காட்டும் சோதனை, இன்று இவர் இயந்திரத்தின் முன் நிற்கலாமா என்பதற்குப் பதில் சொல்லாது.

அதற்காகப் போதையோடு லாரி ஓட்டலாமா? கூடவே கூடாது! கலிபோர்னியா ஒரு நடுவழி கண்டது. 2024 ஜனவரி 1 முதல், பெரும்பாலான வேலைகளில் வெறும் கழிவை மட்டும் வைத்து ஒருவரை நீக்கக் கூடாது. வேலையிடத்தில் போதை கூடாது என்ற விதி அப்படியே இருக்கும். கட்டுமானத் தொழில் போன்ற சிலவற்றுக்கு விலக்கு. என் கருத்தில் இதுவே நியாயம். முதலாளி கேட்க வேண்டியது தொழிலாளியின் இன்றைய நிதானத்தை; அவர் ஞாயிற்றுக்கிழமையை அல்ல.

மாணவச் செல்வங்களே, ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அங்கே குடியேற்றச் சட்டம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. கடையில் ரசீது வாங்கிய கஞ்சாவானாலும், எடுத்ததாக அதிகாரியிடம் ஒப்புக்கொண்டால் விசாவுக்கே வினையாகலாம். கஞ்சாக் கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்வதும் அப்படித்தான். "ஊரே செய்யுதே" என்பது அங்கே பதில் ஆகாது. எந்தச் சட்டம் யாரைக் காக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.