முற்றம் யாருக்கு?

(வேதாரண்யத்தில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குறைந்த செலவில் கூட்டங்கள், விழாக்கள் நடத்தி அதன் வழியாக மக்களைப் பொதுக் காரியத்தில் இறக்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். உப்பளமும் வயலுமாகக் கிடக்கிற வேதாரண்யத்துல வந்து அபார்ட்மெண்ட் பத்தி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோணலாம். ஆனால் இங்கிருந்து படிக்கவும் பிழைக்கவும் பட்டணம் போகிற நம் பிள்ளைகள் நாளைக்கு ஒரு மாடிப்படியில்தான் ஏறி இறங்கப் போகிறார்கள். சேரியை விட்டு வெளியே போனால் சாதி விட்டுவிடும் என்ற நம்பிக்கையும் அவர்களோடு போகிறது. அதனால் இங்கேயே பேசிவிடுவது நல்லது.

பல பேர் சேர்ந்து இருப்பதால் மட்டும் ஓர் இடம் பொது இடம் ஆகிவிடாது. டெல்டாவில் இது நமக்குப் புதுசு இல்லை. குளம் பொது, தெரு பொது, சாவடி பொது என்றுதான் சொன்னார்கள். நாம் கால் வைத்தபோதுதான் அது யாருடையது என்று தெரிந்தது. நகரத்து அபார்ட்மெண்டில் இதே சங்கதி நாகரிகமான பாஷையில் நடக்கிறது. சென்னையில் நான் வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் முதலில் கேட்டது சம்பளத்தை அல்ல, "நீங்க வெஜிடேரியனா?" என்றுதான். எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது. வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்குத் தனி லிஃப்ட் ஒதுக்குகிற குடியிருப்புகளும் இருக்கின்றன. பிள்ளையார் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் வீட்டுக்கு வீடு வசூல் நடக்கும். அது 'பொது விழா'. ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்துக்கு மாலை போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். "இங்க பாலிடிக்ஸ் வேண்டாம் சார்" என்பார்கள்.

அரசு கட்டிய அடுக்குமாடிகளின் கதை வேறு. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அது கட்டிய கண்ணகி நகரில் 15,000க்கு மேல் வீடுகள். பெரும்பாக்கத்தில் ஏறத்தாழ 20,000. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய்க் கரைகளிலிருந்தும் பெயர்த்தெடுத்த உழைக்கும் சனத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்கினார்கள். அதில் தலித் மக்கள் ஏராளம். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். விலாசத்தைச் சொன்னாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. சேரியை மேலே மேலே தூக்கி வைத்தால் அது சேரி இல்லாமல் போய்விடுமா?

1997இல் சமத்துவபுரம் திட்டம் வந்தது. 100 வீட்டில் 40 தலித்துகளுக்கு, மீதி மற்ற சாதியாருக்கு. நல்ல யோசனைதான். ஆனால் வீடுகளைப் பக்கம் பக்கமாக அரசு கட்டலாம். முற்றத்தில் பக்கம் பக்கமாக உட்காருவதை சனம்தான் செய்யணும். அந்த உட்காருவதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

இதற்கு நமக்கு முன்னோடி இருக்கிறது. பாபாசாகேப் 1912 முதல் 1934 வரை பம்பாய் பரேலில் ஒரு சாலில் குடியிருந்தார். சால் என்பது தொழிலாளர்களுக்கான மாடிக் குடியிருப்பு. சின்ன அறைகள், நீளத் தாழ்வாரம், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. மகத் குளத்துக்கு 1927 மார்ச் 20 அன்று அவர் மக்களைக் கூட்டிப் போனபோதும் அவருடைய முகவரி அதுதான். 1928இல் பூனாவில் ஜனார்தன் சதாசிவ் ரணபிசே என்பவர் அம்பேத்கர் பிறந்தநாளை முதன்முதலாகப் பொது விழாவாக நடத்தினார். அரசாங்கம் சொல்லி நடந்ததில்லை. பிறகு அது சால்களின் தாழ்வாரங்களில் ஆண்டுதோறும் வளர்ந்தது. 1974 ஜனவரியில் வொர்லியில் தலித் பேந்தர்கள் பொதுக்கூட்டம் போட்டபோது கல்லெறிந்து கலைத்தார்கள். அந்தக் கலவரம் பி.டி.டி. சால்களுக்குள் பரவி மாதக்கணக்கில் நீடித்தது. ஒரு குடியிருப்பு முற்றத்தில் நாம் கூடுவது சும்மா டீ குடிக்கிற சமாச்சாரம் இல்லை என்பது கல்லெறிந்தவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சரி, குறைந்த செலவு என்று ஏன் அழுத்திச் சொல்கிறோம்? காசு இல்லை என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம் வேறு. யாருடைய காசோ அவருடைய மேடை. கட்சிக்காரர் பந்தல் போட்டால் அவர் வருகிற வரைக்கும் நாம் வெயிலில் காத்திருக்கணும். ஒரு கம்பெனி டீ-சர்ட் கொடுத்தால் அதன் பெயரை நெஞ்சில் சுமக்கணும். அப்போது நாம் பார்வையாளர்கள், கைத்தட்டுகிறவர்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு நடத்தினால் நாமே கூட்டுகிறவர்கள். கணக்குக் கேட்கிற உரிமை அந்தப் பத்து ரூபாயில் வந்துவிடுகிறது.

இந்த மண்ணுக்கே இது தெரியும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் உப்பெடுக்க நடந்து வந்தார்கள். சோறு போட்டால் சிறை என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டான். சனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30இல் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். தலைவர் பெயர் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, பொட்டலம் கட்டிய கைகளின் பெயர் இல்லை. நாம் பேசுவது அந்தக் கைகளின் அரசியலைப் பற்றி.

கபடிக்கு என்ன செலவு? ஒரு கோடு, கொஞ்சம் மண். கண்ணகி நகரில் ஆடி வளர்ந்த கார்த்திகா 2025 அக்டோபரில் பக்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் இருந்தார். விலாசத்தைக் கேட்டு முகம் சுளித்த நகரம் அந்த விலாசத்தைப் பெருமையாகச் சொல்ல வேண்டி வந்தது.

ஆனால் விளையாட்டோடும் விழாவோடும் நின்றால் போதாது. ஒவ்வொரு கூடுகையும் ஒரு மனுவில் முடியணும். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடியில் புதுச் சுவரின் பூச்சைச் சனங்கள் கையாலேயே உதிர்த்துக் காட்டினார்கள். ஊரே பார்த்தது. கட்டடத்தை ஆய்வு செய்ய ஐ.ஐ.டி.யை அழைத்தார்கள், பொறியாளர்கள் இரண்டு பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தனித்தனியாக அவரவர் வீட்டுச் சுவரைப் பார்த்து நொந்துகொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

அதனால் மாணவ நண்பர்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை மாடிப்படிக்குக் கீழே கூடுங்கள். பாய் வீட்டிலிருந்து வரட்டும். மைக் வேண்டாம், குரல் எட்டுகிற அளவுக்கு ஆள் போதும். நேரத்தைப் பெண்கள் முடிவு செய்யட்டும். தண்ணீர் வருகிற நேரத்தில் கூட்டம் வைத்தால் ஆம்பளைகள் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார்கள். டீயை ஒரே வீட்டுப் பெண்களே போடுகிற வழக்கம் வேண்டாம். பிள்ளைகள் ஒரு பக்கம் வாசிக்கட்டும். வரவு செலவை அன்றைக்கே சுவரில் ஒட்டுங்கள். பிறகு குடிதண்ணீர்த் தொட்டி கழுவி எத்தனை நாள், லிஃப்ட் ஏன் ஓடவில்லை, தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் இல்லையா? 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தரணும். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தப் பதிலை உரக்க வாசியுங்கள்.

'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று வாரியக் குடியிருப்புகளில் சங்கம் அமைக்கச் சொல்கிறது அரசு. அமைப்போம். ஆனால் பொறுப்பு நம்முடையது என்றால் கணக்கும் நம்மிடம் வரணும், முடிவும் நம்மிடம் இருக்கணும். இங்கே நகராட்சிகளிலும் பகுதிசபை வந்துவிட்டது. 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் முதல் பகுதிசபைக் கூட்டங்கள் நடந்தன. மாடிப்படிக்குக் கீழே பேசிப் பழகியவன்தான் அங்கே எழுந்து நின்று கேட்பான்.

கடைசியாக ஒன்று. 2019 ஆகஸ்ட் 25 அன்று இதே வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலையைப் பட்டப்பகலில் உடைத்தார்கள். மறுநாளே அரசு புதுச் சிலையை வைத்துவிட்டது. சிலையை ஒரே ராத்திரியில் அரசு கொண்டுவந்து நிறுத்த முடியும். சிலையைச் சுற்றி எல்லாச் சாதிக்காரரும் சமமாக நிற்கிற தரையை அப்படிக் கொண்டுவர முடியாது. அதைப் பாய் விரித்து, பத்து ரூபாய் போட்டு, மாதாமாதம் நாமே உண்டாக்கணும். ஊரானாலும் சரி, பட்டணத்து எட்டாம் மாடியானாலும் சரி, முற்றம் காலியாகக் கிடந்தால் ஆதிக்கச் சாதிதான் வந்து உட்காரும். நாம் முதலில் உட்காருவோம். எல்லோருக்கும் இடம் விட்டு உட்காருவோம்.

ஜெய்பீம்.