பாக்ஸ்வுட் நட்ட கதை: ஆயாவோட கிளுவை வேலிக்கு நான் செஞ்சது

இன்னிக்கு கோடிங் இல்லை, வேலி பத்திப் பேசப் போறேன். ஒரு தப்பு பண்ணிட்டேன், அதைச் சொல்லிடறேன்.

பெங்களூருல என் பால்கனியில ரெண்டு தொட்டியில பாக்ஸ்வுட் வெச்சிருந்தேன். ஐரோப்பிய அரண்மனைத் தோட்டப் படங்கள்ல இடுப்புயரத்துக்குப் பச்சைச் சுவர் மாதிரி இருக்குமே, அந்தச் செடிதான். தாவரவியல்ல புக்சஸ்னு பேர். குட்டி இலை, வருஷம் பூரா பச்சை. ரொம்ப மெதுவா வளரும். அதனாலதான் வெட்டின வடிவம் சீக்கிரம் கலையாது.

ரெண்டு வருஷம் ஜம்முனு இருந்துச்சு. அந்தத் தைரியத்துல, தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துல இருக்கற எங்க வீட்டு முன்னாடி 40 செடி நட்டேன். அதுக்கு இடம் வேணும்னு, ஆயா பல வருஷமா காப்பாத்தின கிளுவை வேலியை ஜேசிபி வெச்சுப் பிடுங்கிட்டேன். அரை மணி நேர வேலை.

"என் மெஷின்ல ஓடுதே"ன்னு டெஸ்ட் பண்ணாம லைவ்ல விடுவோம் இல்லையா, அதேதான். பெங்களூரு கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தருமபுரி அதுல ஏறக்குறைய பாதி. பாக்ஸ்வுட்டுக்கு வேர் மேலாகவே இருக்கும். சித்திரை வெயில், பக்கத்துல சிமென்ட் தரையோட அனல், ரெண்டும் சேர்ந்ததுல இலை செம்பு நிறமாச்சு. நான் போன்ல, "அப்பா, இன்னும் தண்ணி விடுங்க"ன்னு சொன்னேன். தண்ணி தேங்கி வேர் அழுகிடுச்சு. மிச்சம் ஆறு செடி. ஆறும் வேப்பமர நிழல்ல இருக்கறது.

அப்ப நம்ம ஊர்ல பாக்ஸ்வுட் வைக்கவே கூடாதா? வைக்கலாம். மதியத்துக்கு மேல நிழல் விழற இடமா பாருங்க. தண்ணி வடியற மாதிரி மண்ணை மேடு கட்டி, வேர் மேல சருகு மூடாக்கு போடுங்க. விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி. கோடையில கத்தரி போடாதீங்க, உள்ளே இருக்கற இலை கருகிடும். வெயில் இடத்துல பச்சை வரிசைதான் வேணும்னா, மருதாணியோ காமினியோ போதும். காமினி கறிவேப்பிலைக் குடும்பம், வெட்ட வெட்ட அடர்த்தியாகும், பூவும் மணக்கும்.

ஆனா நான் இழந்தது 34 செடி மட்டும் இல்லை. வேலி போன மூணாவது வாரம், ராத்திரி தெருநாய்ங்க உள்ளே வந்து ஆயாவோட ரெண்டு ஆட்டுக்குட்டியைக் கடிச்சுப் போட்டுடுச்சு. ஆயா திட்டலை. "ஏன் சாமி, ஆடும் திங்காது, நாயையும் தடுக்காது. இதை எதுக்கு நட்ட?"ன்னு மட்டும் கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை.

காங்கேயம் பக்கம் கொரங்காடுன்னு மேய்ச்சல் நிலம் இருக்கு. அதைச் சுத்தி உயிர்வேலியா நிக்கறதும் இதே முள்கிளுவைதான். கோடையில இலை உதிர்த்துட்டு சும்மா நிக்கும், செத்த மாதிரி தெரியும். மழை பட்டதும் துளிர்க்கும். இலையை ஆடு மேயும், முள் காவல் காக்கும். நான் அதைக் காய்ஞ்ச குச்சின்னு நெனச்சுட்டேன்.

இந்த வருஷம் மழைக்கு முன்னாடி, பக்கத்துக் காட்டுல கேட்டு, கட்டைவிரல் தடிமனுக்குப் போத்து வெட்டி வந்தோம். நெருக்கமா நட்டோம். எந்தப் பக்கம் மேலே வரணும்னு ஆயாதான் ஒவ்வொண்ணா பார்த்துக் கொடுத்தாங்க. பாதிக்கு மேல துளிர் விட்டிருக்கு. ஆனா நாய் நுழையாத அளவுக்கு அடைய இன்னும் சில வருஷம் ஆகும். அதுவரைக்கும் குட்டிங்க ராத்திரி திண்ணையில, ஆயா கட்டிலுக்குப் பக்கத்துலதான்.

உங்க வீட்டுல பழைய வேலி இருந்தா, எடுக்கறதுக்கு முன்னாடி அதை வெச்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.