சாவிக்குள் ஒரு சில்லு

மதுரை மாட்டுத்தாவணியில் நிறுத்திய கார், ரிமோட்டை அழுத்தியும் திறக்கவில்லையா? பதற வேண்டாம். பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும். பல சாவிகளில் இருப்பது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

சாவி தொலைந்தால்தான் சிக்கல். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு, கைதேர்ந்தவர் அரத்தால் ராவியே மாற்றுச்சாவி செய்துவிடலாம். காருக்கு அது போதாது. சாவிக்குள் இருக்கும் சில்லின் அடையாள எண்ணை வண்டியின் கணினி ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் சாவி திரும்பும், எஞ்சின் கிளம்பாது. திருட்டைத் தடுக்க எவ்வளவு அருமையான ஏற்பாடு!

புதுச்சாவியைப் பதியும்போதே, தொலைந்த சாவியின் பதிவை அழிக்கச் சொல்லுங்கள். பலரும் இதைக் கேட்பதில்லை. அழிக்காவிட்டால், அந்தச் சாவி கிடைத்தவர் வண்டியை ஓட்டிப் போய்விடலாம். ஆர்.சி. புத்தகமும் அடையாள அட்டையும் கேட்காமல் சாவி பதிந்து தரும் கடைக்குப் போகாதீர்கள்.