சாலையோர வண்டும் வகுப்பறைத் தமிழும்



ஒரு பிழையைச் சொல்லி உரையைத் தொடங்குகிறேன். அது மாணவர் செய்த பிழையன்று, நான் செய்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர்த் தோட்டப்புறப் பள்ளியொன்றில் பணியாற்றினேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, சாலையோரக் கத்தரிப்பூவில் வண்டு பாடுவதாகக் கட்டுரையில் எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் 'வண்டு' என்பதைத் 'தேனீ' என்றும், 'பாடுகிறது' என்பதைத் 'தேன் குடிக்கிறது' என்றும் திருத்தினேன். மறுநாள் அவள், "ஐயா, வந்து பாருங்கள்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

சென்று பார்த்தேன். கட்டைவிரல் அளவில் கரிய உயிரொன்று ஊதாப் பூவைப் பற்றித் தொங்கியது. தொங்கியபடியே அதிர்ந்து ஒலித்தது. அதனைத் தச்சுத்தேனீ என்பர். காய்ந்த மரத்தைத் துளைத்து வாழ்வதால் வந்த பெயர். நம் பேச்சு வழக்கில் அது வண்டே. கத்தரிப்பூவில் தேன் சுரப்பதில்லை. அதன் மகரந்தப் பைகள் நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே திறக்கும். வண்டு தன் பறக்கும் தசைகளால் பூவை உலுக்கும்போதுதான் மகரந்தம் உதிரும். கூட்டில் வளர்க்கும் தேனீக்கு அவ்வித்தை வாராது. ஆகவே என் இரண்டு திருத்தங்களும் தவறு. அவள் எழுதியதே உண்மை. அவள் பூவைப் பார்த்து எழுதினாள்; நான் பழக்கத்தைப் பார்த்துத் திருத்தினேன்.

நம் முன்னோர் இவ்வாறு திருத்தியிருக்கமாட்டார்கள். வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பல பெயர்களைப் பழந்தமிழ் ஆண்டது. தொல்காப்பிய மரபியல், தும்பியை நண்டோடு சேர்த்து நான்கறிவுயிராக வகுத்தது. இன்று தும்பி என்றால் தட்டானை நினைக்கிறோம். ஏனைய யாவும் மாணவர் வாயில் 'பூச்சி' என்று ஒன்றாகிவிட்டன. பெயர் மறைந்தால் வேறுபாடும் கண்ணுக்கு மறையும்.

நம் நாட்டில் கோடை எனத் தனிப்பருவம் இல்லை. எனினும் ஆண்டின் தொடக்கத்தில் கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் மழை குறைந்து வெயில் ஓங்கும். அக்காலத்துக் காலைப்பொழுதில் சிற்றூர்ச் சாலையோரத்தில் நின்று பாருங்கள். தொட்டாச்சிணுங்கியின் இளஞ்சிவப்புப் பூக்களில் தேனீக்கள் கால்களில் மகரந்தம் திரட்டும். கொசு அளவே உள்ள கொட்டாத தேனீயையும் காணலாம். மலாய்க்காரர் அதனைக் 'கெலுலுட்' என்பர். எருக்கஞ்செடி இருந்தால் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி வரும். அதன் புழு எருக்கிலையின் நஞ்சை உண்டு தன் உடலிற் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதனை ஒதுக்கும். எலுமிச்சை அழகி தன் முட்டையை எலுமிச்சைத் தளிரில் இடும். இவ்வழகிய பெயர்கள் தமிழகத்து ஆர்வலர் வழங்கிவருபவை. பழைய சொல்லைக் காப்பதும் புதிய சொல்லை ஆக்குவதும் ஒரே பணியின் இரு கைகள்.

சாலையோரச் செடி களை மட்டுமன்று. செம்பனைத் தோட்டங்களில் பாதை நெடுகிலும் வெண்மஞ்சள் பூப் பூக்கும் தர்னேரா செடியை நடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். அது அழகுக்காக நட்டதன்று. செம்பனை ஓலையைத் தின்னும் கூட்டுப்புழுவை அழிக்கும் சிறு குளவிகளுக்கு அச்செடியின் தேன் உணவாகிறது. காலையில் விரியும் அப்பூ நண்பகலளவில் கூம்பிவிடும். ஆதலால் காலம் தாழ்த்திச் சென்றவருக்கு அங்கே காண ஒன்றுமிராது. ஒருபுறம் இப்படி நடுகிறோம். மறுபுறம் தூய்மை என்று கருதிச் சாலையோரமெங்கும் களைக்கொல்லி தெளிக்கிறோம். அந்த மாணவி காட்டிய இடமும் அடுத்த ஆண்டு அவ்வாறே கருகிக் கிடந்தது. கட்டுரையைத் திருத்திய என்னால் அதனைத் திருத்த இயலவில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களை ஒரு காலைப்பொழுது வெளியே அழைத்துச் செல்லுங்கள். வாகனம் செல்லாத ஓரத்தில், ஒரு செடியின் முன் பத்து நிமிடம் நிற்கச் செய்யுங்கள். பிடிக்க வேண்டா; நிழல் பூவின்மீது விழாமல் நின்றாற் போதும். வந்தது எது, எப்பூவில் அமர்ந்தது, என்ன செய்தது என்னும் மூன்றையும் எழுதட்டும். பெயர் தெரியாவிடில் நிறத்தையும் ஒலியையும் எழுதட்டும். அதன்பின் அகராதியைத் திறவுங்கள்.

மாணவர்களே, நீங்கள் கண்ணால் கண்டதை ஆசிரியர் அடித்துத் திருத்தினால், பணிவோடு அவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். எனக்கு அவ்வாறு காட்டிய மாணவியே என் தமிழாசிரியருள் ஒருத்தி.